கறுப்பு வேட்டி ஒன்று, கறுப்பு வேட்டி இரண்டு

நவம்பர் 14, செவ்வாய்

தீபாவளி முடிந்து முதல் வேலை நாள். லேப் முழுக்கச் சர்க்கரைக்காரர்கள். மூன்று நாள் ஜிலேபியும் மைசூர்பாகும் தின்றுவிட்டு, "கொஞ்சூண்டுதானுங்க தின்னேன்" என்று கையை நீட்டுகிறார்கள். ஒரு அம்மா இரண்டு வாரமாக இனிப்பையே பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தார். சர்க்கரை 380. நான் ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் சொல்லிவிட்டது.

இந்த டைரி ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. இத்தனை நாள் இழுப்பறையில் சும்மா கிடந்தது. செவ்வாயும் வெள்ளியும்தான் ஹார்மோன் மெஷினை ஓட்டுவோம். டியூபுகளை ஏற்றிவிட்டால் நாற்பது நிமிஷம் அது பாட்டுக்கு ஓடும். அந்த நேரத்தில் போனை நோண்டிக் கண் எரிவதற்கு இதில் எழுதலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன்.

உடுமலையில் லேபுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆண்கள் ஹார்மோன் பார்க்க எங்களிடம்தான் வருவார்கள், பழனியிலிருந்துகூட. காரணம் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வருகிற ஆளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வண்டியை இரண்டு கடை தள்ளி நிறுத்துவார். உள்ளே வந்ததும் சுவரில் இருக்கும் கல்லீரல் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பார். டாக்டர் சீட்டை நான்காக மடித்து நீட்டுவார். "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார். இல்லை. பத்தொன்பது வருஷமாக இங்கே இந்த ரேணுகாதேவிதான். முன்பெல்லாம் ஹாலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுவது போலப் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். இவர்களுக்கு மட்டும் பெயர் சொல்வதில்லை. டியூபில் சட்டை நிறத்தை எழுதிக்கொள்வேன். நீலச் சட்டை, கட்டம் போட்டது, சந்தனக் கலர். கதவைத் திறந்து அந்தச் சட்டையைப் பார்த்துத் தலையசைத்தால் எழுந்து வந்துவிடுவார். கூப்பிடுவது பில் வரிசைப்படிதான் என்பதால், பதினோரு மணிக்குக் கூட்டம் அடங்கியதும் அதே வரிசையில் பெயர்ச்சீட்டை ஒட்டிவிடுவேன். டியூபில் பெயரை எழுதி, ஆளிடம் காட்டி, "இது நீங்கதானே" என்று கேட்க வேண்டும் என்பது விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதும் நான்தான். ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு சட்டைகூட மாறியதில்லை.

மெஷின் கூப்பிடுகிறது.

நவம்பர் 17, வெள்ளி

கார்த்திகை ஒன்று. ஊரே கறுப்பு வேட்டி. விடியற்காலையிலேயே கோயிலில் மாலை போட்டுக்கொண்டு, சந்தனம் காய்வதற்குள் ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். கூட இருக்கும் டெக்னீசியன் லீவு. இன்றைக்குப் பார்த்து ஒரு மில்லிலிருந்து நாற்பது பேரை செக்கப்புக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இருப்பது இரண்டு கை.

அந்த அமளியில் ஹார்மோனுக்கு இரண்டு பில். ஒரு பெயரைப் பார்த்து அசந்துபோனேன். தண்டபாணி, 39. பெயிண்ட் கடைக்காரர், கோகிலவாணியின் வீட்டுக்காரர்! கோகிலவாணி ஆறு வருஷமாகக் குழந்தைக்காக இங்கே ரத்தம் கொடுக்கிறாள். இரண்டாம் நாள், இருபத்தோராம் நாள், மாதாமாதம். அவள் இடது கை நரம்பை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இந்த மனிதர் ஒரு நாள்கூட உள்ளே வந்ததில்லை, ரோட்டில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஹெல்மெட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்லி டாக்டர் எழுதிவிட்டார். "மொதல்ல அவரு ஒரு தடவ பாக்கட்டும், அப்பறம் படுக்கறேன்" என்று அவள் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். விந்து டெஸ்ட் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, ரத்தம் மட்டும் கொடுக்க ஒப்புக்கொண்டாராம். அதுவும் மாலை போட்ட கையோடு. நல்ல காரியம்.

இன்னொரு பில் பூபதி, 33. தென்னந்தோப்புக்காரர்.

இரண்டு பேருக்கும் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால், நெற்றியில் சந்தனம். சட்டையே இல்லை, நான் எந்த நிறத்தை எழுத? கதவைத் திறந்து, "சாமி, உள்ள வாங்க" என்றேன். இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"சாமி, நீங்க போங்க சாமி."

"இல்லீங் சாமி, நீங்கதான முன்னால வந்தீங்க."

"நமக்கென்னங்க அவசரம், நீங்க போங்க சாமி."

மாலை போட்டால்தான் என்ன மரியாதை! நேற்று வரை ரேஷன் கடையில் முண்டியடித்தவர்களாக இருக்கும். யாரோ ஒருவர் தோற்றுப்போய் உள்ளே வந்தார். அவருக்குக் கறுப்பு வேட்டி 1 என்று எழுதினேன். அடுத்தவர் கறுப்பு வேட்டி 2. மில்காரர்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது. தண்டபாணிக்கு டெஸ்டோஸ்டிரோன் 548, கச்சிதம். பூபதிக்கு 118. கூடவே எஃப்.எஸ்.ஹெச். 31. அது மூளை கீழே அனுப்புகிற ஆர்டர். கீழே வேலை நடக்காவிட்டால் மூளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தொன்று என்றால், மூளை தொண்டை கிழியக் கத்துகிறது, கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். பாவம், தோப்புக்காரர்.

நவம்பர் 18, சனி

பூபதி ரிப்போர்ட் வாங்க வந்தார். தை மாதம் கல்யாணமாம். மூன்று வருஷமாகப் பெண் தேடி இப்போதுதான் அமைந்திருக்கிறது. பதினாலு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, கீழேயும் வீங்கிக் கிடந்தாராம். "அந்தப் புள்ளைக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாதில்லீங்களா, அதான் நானே பாத்துக்கலாம்னு வந்தனுங்க" என்றார். யாரும் சொல்லாமல், தானே வந்து ஹார்மோன் பார்த்த மாப்பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பேப்பரைப் படித்தார். "இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்றார். டாக்டரைப் பாருங்கள் என்றேன். நாங்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அப்ப கல்யாணத்த நிறுத்தீரலாமுங்க" என்றார், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துவது போல. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது டாக்டர் சொல்ல வேண்டியது. வாய் நிற்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கோகிலவாணி ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். டிசம்பர் 8ஆம் தேதி, கோயம்புத்தூரில்.

"அவருக்கு எல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா. அப்ப எனக்குத்தானே கோளாறு? நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்" என்று சிரித்தாள். வீட்டில் அந்த ரிப்போர்ட்டை சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாராம். மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம்.

வயிற்றில் மூன்று ஓட்டை போடுவார்கள், நாலாம் நாள் நடக்கலாம், தோள்பட்டையில் ஒரு வலி வரும், அது காற்று, பயப்படாதே என்றேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். லேபில் இருக்கிறேன், தெரியாதா என்றேன்.

நவம்பர் 24, வெள்ளி

மழை. ஏழு நாள் ஆன மிச்ச டியூபுகளைக் கழிவுக்கு அனுப்பினேன். மதியம் தயிர்சாதம்.

நவம்பர் 28, செவ்வாய்

பூபதி வந்தார். தாடி வளர்ந்திருக்கிறது. ஆள் பாதியாகிவிட்டார். இன்று கூட்டமில்லை. உள்ளே உட்கார வைத்து எடுத்தேன். பெண் வீட்டில் பத்திரிகை அடிக்கக் கேட்கிறார்களாம், இவர் சபரிமலை போய் வந்து சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறாராம்.

டெஸ்டோஸ்டிரோன் 552. எஃப்.எஸ்.ஹெச். 4.

மறுபடி ஓட்டினேன். 549. 4.

மெஷினில் ஏதோ கோளாறு.

நவம்பர் 29, புதன்

மெஷினில் கோளாறு இல்லை. கம்பெனி கொடுத்த, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் டியூபை மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் சரி. அன்றைக்குக் கரண்ட் ஏறி இறங்கியிருக்கலாம். ஆனால் யு.பி.எஸ். இருக்கிறது. தூக்கமில்லாமல் வந்திருந்தால் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் குறையும். எஃப்.எஸ்.ஹெச். அப்படி ஆடாது. முப்பத்தொன்றிலிருந்து பதினோரு நாளில் நாலுக்கு எந்தச் சாமியாலும் இறங்க முடியாது. இதைப் படிக்கிற யாரும் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்குத் தெரியவில்லை என்ன நடந்தது என்று.

பூபதி ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதேவிட்டார். சாயங்காலம் பத்து இளநீர் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

வீட்டில் அவரிடம் சொல்லி, அன்றைக்குக் கூட வந்த தண்டபாணியையும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டர். எதையும் டிக்கெட் கிழிப்பது போலப் பட்டென்று முடித்துவிடுகிற ஆள். இதற்கு மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தாளோட மானத்த சந்தில இழுக்கோணுமா? ஆம்பளைக்கு ஆயிரம் இருக்கும். உடு அம்மிணி" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் போடப் போனார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

டிசம்பர் 1, வெள்ளி

17ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். "யாரோ ஒருவர் தோற்றுப்போய் உள்ளே வந்தார்" என்று எவ்வளவு நக்கலாக எழுதியிருக்கிறேன். யார் அந்த யாரோ?

முதல் பில் தண்டபாணி. அவர்தான் முன்னால் வந்தவர். "நீங்கதான முன்னால வந்தீங்க" என்று சொன்னது பூபதியின் குரல். அந்த இழுவையான குரல் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். "நமக்கென்னங்க அவசரம்" என்றவர் தண்டபாணி. அவருக்கு அவசரமே இல்லை, ஆறு வருஷமாக இல்லை. அப்படியென்றால் தோற்றுப்போய் முதலில் உள்ளே வந்தது பூபதி. கறுப்பு வேட்டி 1 பூபதி. நான் பில் வரிசைப்படி பெயர் ஒட்டினேன்.

மாற்றிவிட்டேன். நான்தான். மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. 548 பூபதியுடையது. 118ஐ சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டியவர் தண்டபாணி. ஒட்டித்தான் வைத்திருக்கிறேனே சுவரில், "இது நீங்கதானே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எட்டாம் தேதி கோகிலவாணியின் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள், என் சீட்டை நம்பி.

காலையிலிருந்து நான்கு முறை கை கழுவிவிட்டேன்.

டிசம்பர் 2, சனி

முதலாளி சென்னியப்பன் சாரிடம் சொன்னேன். தவறு நடந்தால் எழுதுகிற நோட்டில் தேதி, நேரம், என் பெயர் போட்டு எழுதியும் வைத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. தோப்புக்காரனுக்கு நல்ல ரிப்போர்ட் வந்திருச்சு. பெயிண்ட் கடைக்காரனுக்கு மொதல்லயே நல்ல ரிப்போர்ட். ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கறாங்க. நடுவுல உனக்கென்ன?"

"கோகிலவாணிங்க சார்."

"அது யாரு?"

ஆறு வருஷமாக வருகிறாள். யார் என்று கேட்கிறார். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது, நோட்டில் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்றார். நான் கிழிக்க மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அப்ப யோசிச்சுச் சொல்றேன்" என்றார். என்ன யோசிப்பார் என்று தெரியும்.

எனக்கும் இரண்டு முறை ஆபரேஷன் ஆனது. 2008இல் ஒன்று, 2010இல் ஒன்று. இரண்டாவது தடவை தையல் பழுத்து ஒரு மாதம் படுத்திருந்தேன். என் மாமியார், இருந்தவரை, அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோன்றியது, எழுதினேன்.

டிசம்பர் 4, திங்கள்

ரிப்போர்ட் அவருடையது, அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் கடை. தண்டபாணி கறுப்பு வேட்டியில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மலைக்குக் கிளம்புகிறாராம், கடை முழுக்க நெய்த்தேங்காய் வாசனை.

"டியூப் மாறிப்போச்சுங்க சாமி. என்ற தப்பு. மறுபடி ஒரு தடவ ரத்தம் குடுத்தீங்கன்னா போதும்" என்றேன்.

அவர் எழுந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். கலைந்திருந்த டப்பாக்களை வரிசையாக அடுக்கினார். நான் எண்ணைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தெரியாதவர் கேட்டிருப்பார்.

"எனக்கு வந்த ரிப்போர்ட் அதுதானுங்க. நல்ல ரிப்போர்ட். அத மாத்தற சோலி வேண்டாம்."

"வெள்ளிக்கெழம உங்க ஊட்டுல ஆபரேசனுங்க."

"அது டாக்டர் சொன்னது. நானா அறுக்கச் சொன்னேன்?"

"மாலையப் போட்டுட்டுப் பொய் சொல்லலாமுங்களா சாமி?"

"நான் எங்கங்க பொய் சொன்னேன்? நீங்க குடுத்த பேப்பரத்தான காட்டுனேன்."

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். அவரைத் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அங்கிருந்து வீடு வரை என்னைத் திட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று ஆண் ஹார்மோன் மூன்று பேர். பெயர் எழுதிக் காட்டினேன். ஒருவர் எழுந்து போய்விட்டார்.

டிசம்பர் 6, புதன்

லீவு சொல்லிவிட்டுக் கோகிலவாணி வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் இரண்டு முறை திரும்பினேன். ஒரு தடவை பஸ் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் எடுப்பதற்குள் இறங்கிவிட்டேன்.

தண்டபாணி மலையில். அவள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க், இரண்டு நைட்டி, ஃபைல். அந்த ஃபைல் எவ்வளவு தடிமன். அதில் பாதி என் கையெழுத்து.

அவர் ரிசல்ட்டை இவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தப்பைச் சொல்ல உரிமை இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். "கோகிலா, அன்னைக்கு நான் டியூப்ல பேரு எழுதல. ரெண்டு பேருது மாறிப்போச்சு. உங்க ஊட்டுக்காரர் ரிப்போர்ட்டுனு நான் குடுத்தது அவருதில்ல. அவருது என்னன்னு நான் சொல்லக் கூடாது. மறுபடி பாக்கற வரைக்கும் நீ போய்ப் படுக்காத."

அவள் புரியாமல், ஏன் பேர் எழுதவில்லை என்று கேட்டாள். சட்டைக் கதையை முழுதும் சொன்னேன். ஆண்கள் கூச்சப்படுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், அதனால் ஒன்பது வருஷமாக என்று சொல்லும்போதே என் பெருமை என் காதிலேயே கேட்டது.

கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். நைட்டியை மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஆறு வருசமா என்ற பேர அந்த ஹால்ல கூவிக் கூவிக் கூப்புடுவீங்கக்கா. 'கோகிலவாணி, பீரியட் ஆகி எத்தனாவது நாளு?'னு நாலு ஆம்பளைங்க முன்னால கேப்பீங்க. எனக்கும் கூச்சமாத்தான் இருக்கும். ஒரு நாளாச்சும் என்னையப் பச்சச் சீலைன்னு கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?"

அடுத்த நைட்டியை எடுத்து உதறினாள்.

"அதுவுஞ் செரி. பேரு எழுதுனதால என்ற டியூப் ஒரு தடவ கூட மாறல. மாறியிருந்தாலாச்சும் ஒரு தடவ நான் நல்லா இருக்கறேன்னு வந்திருக்கும்."

அழுதது நான்தான். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன், அவள் காலி டம்ளரை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "உங்களுக்கும் கொழந்த இல்லீங்களே. உங்க ஊட்டுக்காரரு பாத்தாருங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள் என்றேன். 2008 ஒன்றும் அந்தக் காலம் இல்லை. அப்போதே நான் லேபில்தான் இருந்தேன். ஊரில் உள்ள ஆண்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு போட்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

காலை பத்து மணிக்குக் கைபேசியில் ஒரு வரி: "போகலீங்கக்கா."

மதியம் சென்னியப்பன் சார் கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம், இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்றார். என் ஊசிப்பெட்டி, டம்ளர், இந்த டைரி. பத்தொன்பது வருஷம் ஒரு கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. நோட்டில் அந்தப் பக்கத்தை இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 13, புதன்

வீட்டில் இருக்க முடியவில்லை. அலமாரியை மூன்றாம் முறை அடுக்கினேன். பரணில் ஏறி எவர்சில்வர் பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்தேன். கேஸ்காரர் வந்தபோது அவருடைய முழங்கை நரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல நரம்பு.

கோகிலவாணி பேசினாள். மலையிலிருந்து இறங்கியவரைத் திங்கள்கிழமை கோயம்புத்தூருக்கு அவளே கூட்டிப்போயிருக்கிறாள். எல்லா டெஸ்டும் கொடுத்துவிட்டாராம், மாட்டேன் என்றதையும் சேர்த்து. ரிசல்ட் என்ன என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"அவரு ரெண்டு நாளாப் பேசலீங்கக்கா. நான் ரெண்டு நாளா நல்லாத் தூங்கறேன்" என்றாள்.

பூபதி பத்திரிகை அனுப்பியிருக்கிறார். தை பத்து. அவரிடமும் நடந்ததைச் சொல்லியிருந்தேன். "போனாப் போகுதுங்க" என்றுவிட்டார். அவ்வளவு லேசாக யாராவது மன்னித்தால் கோபம்தான் வருகிறது.

டிசம்பர் 14, வியாழன்

இன்று அவருக்கு வார விடுமுறை. எட்டு மணிக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஊசிப்பெட்டியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தேன். டியூபில் முதலில் பெயரை எழுதினேன். வெள்ளியங்கிரி, 53. அவர் முன்னால் பிடித்துக் காட்டினேன்.

"இது நீங்கதானே?"

"என்னம்மிணி இது?"

"ஹார்மோன் பாக்கோணும். வெறும் வயிறா இருக்கீங்க, மணியும் எட்டு. கைய நீட்டுங்க."

"இனி எனக்கெதுக்கு அதெல்லாம்?"

"உங்களுக்கில்ல. எனக்குத் தெரியோணும்."

நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையை நான் இப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை. நரம்பு நன்றாக எழுந்தது. ஸ்பிரிட் தடவினேன்.

"வேண்டாம் அம்மிணி. பாத்தாச்சு" என்றார்.

"எப்ப?"

"ரெண்டாயிரத்தி ஒம்பது. கோயமுத்தூர்ல."

நான் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம்தான் எனக்கு இரண்டாவது ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் பையைத் தூக்கி வந்தவர் இவர்தான். தையல் பழுத்த ஒரு மாதமும் எனக்குச் சோறு ஊட்டியவரும் இவர்தான். அந்த ஒரு மாதம் இவர் காட்டிய அன்பை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஊசியாலேயே எங்காவது குத்திவிடலாம் போல இருந்தது.

"அந்த ரிப்போர்ட் எங்க?"

"அன்னைக்கே கிழிச்சுப்போட்டேன்."

"அந்த லேப்ல பதிவு இருக்கும். வாங்க, போயி எடுக்கலாம்" என்று எழுந்தேன். எனக்கு அந்தக் காகிதம் வேண்டும். என் மாமியார் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும்.

அவர் நிமிரவில்லை. பட்டை கட்டிய கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

"எந்தப் பேருல தேடுவே அம்மிணி? அங்கயும் உன்னாட்டவே ஒரு நல்ல பொம்பள இருந்துச்சு. நான் கூசிக்கிட்டு நின்னதப் பாத்து, பேரே கேக்கல."